ஒரு நாள் பிந்தி வந்தவனுக்கும் காவிரி

ஐப்பசி கடைசி நாள், மயிலாடுதுறையில் துலாக்கட்டம் என்ற காவிரிப் படித்துறையில் கடைமுகம். மாயூரநாதரும் மற்ற ஊர்ச் சாமிகளும் கரைக்கு எழுந்தருள்வார்கள், தீர்த்தவாரி நடக்கும், கூட்டம் முழுக்குப் போட்டுவிட்டுக் கலையும். கணக்குப்படி துலா மாதம் என்கிற ஐப்பசி அத்தோடு சரி. ஆனால் மறுநாள் கார்த்திகை 1, விடிவதற்கு முன்னாலேயே படித்துறையில் மறுபடியும் ஆட்கள் இறங்குவார்கள். அந்தக் குளியலுக்கு முடவன் முழுக்கு என்று பெயர்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடக்க முடியாத ஒருவர் துலா முழுக்கு போட வேண்டும் என்று தவழ்ந்து தவழ்ந்து வருகிறார். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுகிறார். இறங்கிக் குளி, உனக்கும் அதே பலன் உண்டு என்கிறார் இறைவன். அவருக்காக நீட்டிய அந்த ஒரு நாளை ஊர் இன்றுவரை யாரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல காலோடு, பஸ் ஏறி, சோம்பலால் ஒரு மாதம் முழுக்கத் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவருக்கும் அன்று இடம் உண்டு.

பக்தியில் குற்ற உணர்வுக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் காட்டுவது இந்தப் படித்துறையைத்தான். ஆளைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. கரையிலேயே உட்கார வைத்துவிட்டால் அது தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

முதலில் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 'குற்ற உணர்வு' புத்தகச் சொல். தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்குள் பேசும்போது மூன்று விதமாகச் சொல்வார்கள். 'மனசு உறுத்துது' என்பது ஒன்று. 'சாமி குத்தம் ஆயிடுச்சு' என்பது இன்னொன்று. 'பாவம் சும்மா விடாது' என்பது மூன்றாவது. முதலாவது உள்ளே இருக்கும் சாட்சி. இரண்டாவது வழிபாட்டில் விட்டுப்போன முறை. மூன்றாவது வினையும் அதன் விளைவும். மூன்றுக்கும் தனித்தனி மருந்து. விளக்கு அணைந்ததற்குப் போய் 'பாவம் சும்மா விடாது' என்று நடுங்குவதும், கூடப்பிறந்தவள் பங்கை எடுத்துக்கொண்டதைப் பால் அபிஷேகத்தால் சரிக்கட்டலாம் என்று நினைப்பதும் மருந்தை மாற்றிக் குடிக்கிற கதை. இந்தக் குழப்பத்தால் படுகிற அவஸ்தைதான் அதிகம்.

பச்சாதாபம் என்ற சொல்லையும் பாருங்கள். பஸ்சாத் தாபம், அதாவது செய்த பிறகு வருகிற சூடு. நாம் இன்று அதை அடுத்தவர் மேல் படுகிற இரக்கத்துக்குப் பயன்படுத்துகிறோம். தன்னைச் சுட வேண்டிய சொல் எப்படியோ பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்று தொடங்கும் குறளின் பின்பாதிக்கு இரண்டு உரை உண்டு. ஒருவேளை செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதே என்பது ஒன்று. செய்துவிட்டாயானால் உட்கார்ந்து இரங்கிக்கொண்டே இருக்காதே என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள். எனக்கு இரண்டும் வேண்டும், அந்த வரிசையிலேயே வேண்டும்.

சின்னப் பிழைகளை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் தினமும் மனசை அரிப்பவை இவைதான்.

சந்தியாவந்தனம் செய்கிறவர்களுக்குத் தெரியும்: காலையில் எழுந்து நின்று, குதிகாலை உயர்த்தி, இரண்டு கையிலும் ஏந்திய நீரைச் சூரியனுக்கு மூன்று அர்க்கியமாக விடுவது முறை. அதன்பின் ஒன்று கூடுதலாக விடுவார்கள். நேரம் தப்பியதற்குப் பிராயச்சித்த அர்க்கியம் அது. மனிதன் தாமதமாகத்தான் வருவான் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கென்று ஒரு கை நீரை முறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆசமன மந்திரத்திலும் அப்படித்தான். மனதால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால், குறியால் இரவில் செய்த பாவம் என்று காலையிலும், பகலில் செய்தது என்று மாலையிலும் பெயர் சொல்லி எண்ணிக்கொடுக்கிறது. வயிற்றைச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பாக்கியையும் வைத்துக்கொள்ள விடாத கணக்கு.

கோயிலுக்கும் இதே ஏற்பாடு உண்டு. பெருமாள் கோயில்களில் ஆவணி வாக்கில் நடக்கும் பவித்ரோத்சவம் ஆண்டு முழுக்கப் பூஜையில் நேர்ந்த குறைகளுக்கான ஈடு. பட்டர் மறந்த மந்திரம், தவறிய வேளை, கைமாறிய உபசாரம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நூலால் திரித்த பவித்திர மாலைகளைச் சாத்துவார்கள். சிவாகமங்களிலும் பவித்திர விதி இருக்கிறது. கிரியையில் வழு வந்தால் அகோர மந்திர ஜபம் சொல்லியிருக்கிறது. பரம்பரையாகப் பூஜை செய்கிறவர்களே தவறுவார்கள் என்று கோயில் ஒப்புக்கொள்ளும்போது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க அவசரமாகச் சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண் ஏன் நடுங்க வேண்டும்?

விளக்கு அணைந்தால் காரணத்தைப் பாருங்கள். பஞ்சை இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாது. அடியில் பழைய கசடு நின்றாலும், துலக்கிய அகலில் ஈரம் இருந்தாலும் படபடவென்று பொரிந்து அணையும். மின்விசிறி நேரே வீசினால் கேட்கவே வேண்டாம். திரியைத் தளர்த்தித் திரித்து, எண்ணெயில் முழுக்க நனைத்து, நுனியை மட்டும் பிழிந்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், போதும். தேங்காய் அழுகலாக இருந்தால் கண் பக்கம் கீறல் விழுந்து காற்றுப் போயிருக்கும், அல்லது பழைய சரக்கு. வேறொன்று வாங்கி உடைத்தால் முடிந்தது. சண்டிகேசுவரர் முன்னால் வேட்டி நூலைப் பிரித்துப் போடுவதும் இப்படி ஒரு தப்பான பயத்தில் வந்த பழக்கம். கோயில் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை என்று இரண்டு கையையும் மெல்லத் துடைத்துக் காட்டுவதுதான் அங்கே செய்ய வேண்டியது. நூல் போட்டால் சந்நிதி குப்பையாகும், அவ்வளவுதான்.

வீட்டுப் பூஜை முடிவில் சொல்லப் பட்டினத்தாரின் நாலு வரி போதும். காவிரிப்பூம்பட்டினத்துக்காரர் அல்லவா, நம்மைத் தெரிந்தவர். 'கல்லாப் பிழையும் கருதாப் பிழையும் கசிந்துருகி நில்லாப் பிழையும்' என்று அடுக்கிக்கொண்டே போய், எல்லாப் பிழையும் பொறுத்தருளச் சொல்கிறார். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். படிக்காதது, நினைக்காதது, உருகி நிற்காதது, அஞ்செழுத்தைச் சொல்லாதது, துதிக்காதது, தொழாதது. எல்லாமே சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவை. அடுத்தவனுக்குச் செய்த கெடுதல் ஒன்றுகூட அதில் இல்லை. சாமியிடம் மன்னிப்புக் கேட்பது சாமிக்குப் பட்ட பாக்கிக்கு மட்டும்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, கீழே திரும்ப வருகிறேன்.

அதற்கு முன் நேர்த்திக்கடன். டெல்டாவில் குற்ற உணர்வு அதிகம் குடியிருப்பது மஞ்சள் துணி முடிச்சில்தான். வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சள் கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்து, ஒரு ரூபாய் நாணயம் வைத்து முடிந்து, இன்ன சாமிக்கு இன்னது என்று வாய்விட்டுச் சொல்லிப் பூஜை அலமாரியில் வைப்பார்கள். காரியம் முடிந்து கடனைச் செலுத்தப் போகும்போது முடிச்சும் உண்டியலுக்குப் போகும். நல்ல முறை. வேண்டுதலுக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு ரசீது இருக்கிறது.

கெடுவது எங்கே என்றால், முடிந்து வைத்தவருக்கே எந்தச் சாமி, என்ன நேர்ச்சை என்பது மறந்துபோவதில்தான். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு முடி இறக்குவதா, சமயபுரத்துக்கு மாவிளக்கா என்று பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது. அம்மா காலமாகி, அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஏழெட்டு முடிச்சு கிடைக்கும். வீடே வெலவெலத்துப்போகும். வேண்டிக்கொள்ளும்போதே ஒரு துண்டுச் சீட்டில் தேதி, சாமி, காரியம், நேர்ச்சை நான்கையும் எழுதி முடிச்சோடு வைத்தால் இந்தச் சங்கடம் வராது. எழுதாமல் கிடைத்த முடிச்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோய், 'அறிந்தும் அறியாமலும் நின்ற நேர்த்தி' என்று சொல்லி உண்டியலில் சேர்ப்பது நடைமுறை. பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் மனசும் நிற்கும். அடுத்தவர் உடம்பை வைத்து வேண்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. பேரனுக்கு அலகு குத்துகிறேன், மருமகள் தீ மிதிப்பாள் என்று பாட்டி வேண்டிக்கொள்வது. கடனை எழுதியவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர். அப்படி ஒரு நேர்ச்சை நின்றுபோனால் சாமியிடம் போய் நிலைமையைச் சொல்லி, தன்னால் ஆகிற வேறொன்றை வேண்டியவரே மாற்றிச் செலுத்தட்டும்.

பயத்தைக் காசாக்குகிறவர்களையும் சொல்லாமல் விட முடியாது. கல்யாணம் தள்ளிப்போகிறதா, குலதெய்வ சாபம். வேலை கிடைக்கவில்லையா, பித்ரு தோஷம். இந்த ஜில்லாவைச் சுற்றியே ஒன்பது கிரகத்துக்கும் கோயில் இருப்பதால் பட்டியல் போடுவது சுலபம். இவற்றில் எந்தக் கோயிலுக்கும் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், போய் நிற்க வேண்டிய சந்நிதிகள்தான். ஆனால் ஒரு பரிகாரம் முடிந்ததும் அடுத்தது என்று நீண்டுகொண்டே போனால் அது பரிகாரம் இல்லை. எப்போது முடியும் என்று சொல்லும் கடன்தான் கடன். திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உடுத்திய துணியைக் குளத்தில் விட்டுவருவதும் அப்படித்தான். தோஷத்தை விடுவதாக நினைத்து, அடுத்து இறங்குகிறவர் காலில் சுற்றிக்கொள்ளும் ஈரத்துணியை விட்டுவருகிறோம். காவிரியிலும் இதே வேலை நடக்கிறது. ஆற்றில் குளிக்க முறை சுருக்கமானது: உடம்பு அழுக்கைக் கரையிலேயே கழுவிவிட்டு, ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, சங்கல்பம் சொல்லி, மூன்று முழுக்கு. சோப்பு வேண்டாம். துணியை ஆற்றுக்குள் பிழியாமல் படிக்கு மேலே வந்து பிழியுங்கள். கடைசிப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், ஷட்டர் திறந்திருக்கும் நாளில் இழுப்பும் இருக்கும், கைப்பிடிச் சங்கிலியை விட வேண்டாம். தண்ணீர் வராத வருஷங்களில் போர் போட்டு நிரப்பிய தொட்டியில் முழுக்கு நடந்ததும் உண்டு. அதனால் பலன் குறைந்தது என்று யாரும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கங்கையே இங்கே வருவது எதற்கு என்று துலா காவிரி மகிமை சொல்கிறது: தன்னில் மூழ்கியவர்கள் விட்டுப்போன பாவத்தின் சுமை தாங்காமல், அதைக் கரைக்க ஐப்பசியில் காவிரியிடம் வருகிறாள். மகாமகக் குளத்துக்கும் அதே கதைதான், ஒன்பது நதிப் பெண்கள். திருவாஞ்சியத்தில் யமனே வந்து நிற்கிறான். உயிரைப் பறிப்பதே தொழிலாகிவிட்டதே என்ற வேதனையில் தவம் செய்து அங்கே ஆறுதல் பெற்றான் என்பது தலபுராணம். அதனால் குப்த கங்கையில் நீராடிவிட்டு முதலில் யமன் சந்நிதி, அதன்பின்தான் வாஞ்சிநாதர். கடமையைச் செய்ததற்கே மனசு புண்பட்டவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்ட மகன், மாட்டை விற்றவர், கடையை மூட வேண்டியிருந்து ஆட்களை நிறுத்தியவர். அவர்களுக்கு நான் சொல்லும் கோயில் திருவாஞ்சியம்தான்.

இனி பெரிய பிழைகள். இதற்கு இரண்டு ராஜா கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வரகுண பாண்டியன் குதிரையில் வரும்போது வழியில் படுத்திருந்த அந்தணர் ஒருவர் மிதிபட்டு இறந்துபோகிறார். தெரிந்து செய்ததில்லை. ஆனாலும் பிரமஹத்தி, அதாவது அந்தணர் சாவால் வந்த பாவம், விடாமல் துரத்துகிறது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் நுழையும்போது அது உள்ளே வர முடியாமல் வெளியே காத்திருக்கிறது. இறைவன் ஆணைப்படி ராஜா மேற்கு வாசல் வழியாகப் போய்விடுகிறான். காத்திருந்தது காத்திருந்தபடியே. இன்றும் கிழக்குக் கோபுர வாசலில் பிரமஹத்தியின் சிலை உட்கார்ந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் வந்த வழியே திரும்பாமல் வேறு வாசலால் வெளியேறுவது இதனால்தான். தெரியாமல் நேர்ந்ததற்கு மருந்து இது: போய் நில், விட்டுவிடு, விட்ட இடத்துக்குத் திரும்பப் போய் இருக்கிறதா என்று பார்க்காதே. கடைசிதான் கஷ்டம். ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு மறுபடி கிழக்கு வாசலுக்குத்தான் போகும்.

இங்கிருந்து திருவாரூர் அப்படி ஒன்றும் தூரமில்லை. அங்கேயும் ஒரு ராஜா, அங்கேயும் தெரியாமல் நேர்ந்த சாவு. மனுநீதிச் சோழன் மகனுடைய தேர்ச் சக்கரத்தில் பசுங்கன்று விழுந்து இறக்கிறது. மந்திரிகள் பெரியபுராணத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேதம் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்கிறார்கள். ராஜாவின் பதில் ஒரு கேள்வி. அந்தப் பிராயச்சித்தம், கன்றை இழந்து அலறுகிற 'கோவுறு நோய் மருந்தாமோ?' மாட்டின் வலிக்கு அது மருந்தாகுமா?

பிராயச்சித்தத்தைப் பற்றித் தமிழில் கேட்ட கேள்விகளில் இதற்கு மேல் ஒன்று எனக்குத் தெரியாது. செய்தவன் மனசு ஆறுகிறதா என்று மந்திரிகள் பார்த்தார்கள். பட்டவளுடைய வலி தீருமா என்று சோழன் பார்த்தான். மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்று வாதாடலாம், கதையே இறைவன் வந்து கன்று, மகன், நடுவில் உயிரை விட்ட மந்திரி மூவரையும் எழுப்புவதில்தான் முடிகிறது. ஆனால் அந்தக் கேள்வி எழுந்து போகாது. வாசலில் மணி அடித்துக்கொண்டு பசு நிற்கும்வரை ராஜாவுக்கு வேறு வாசல் கிடையாது. திருவிடைமருதூரில் இறந்தவருக்காக யாரும் மணி அடிக்கவில்லை. இரண்டு கதைக்கும் வித்தியாசம் அதுதான் என்பது என் வாசிப்பு. கேட்க ஆள் இருந்தால் முதலில் அங்கே போ.

சுந்தரர் கதை இதையே இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் 'உன்னைப் பிரியேன்' என்று இரண்டாவதாக மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, ஆரூர் நினைப்பு வந்து கிளம்பிவிடுகிறார். எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. தோழன் என்று பெயரெடுத்தவர், சாமியைத் தூது அனுப்புகிற உரிமை உள்ளவர். அவருக்கே தள்ளுபடி இல்லை. 'பிழையுளன பொறுத்திடுவர்' என்று நம்பிப் பிழைத்தேன் என்று அவரே பாடுகிறார். பொறுப்பார் என்ற நம்பிக்கையில் செய்த பிழை. மகாமக ஸ்லோகத்தை நாம் படிக்கிற லட்சணமும் இதுதான். காசியில் செய்த பாவம் கும்பகோணத்தில் தீரும், கும்பகோணத்தில் செய்தது கும்பகோணத்திலேயே தீரும் என்பதைப் பலர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். புண்ணியத் தலத்தில் செய்த பாவம் வஜ்ரலேபமாக, பெயர்க்க முடியாத பூச்சாக, ஒட்டிக்கொள்ளும் என்று இன்னொரு வரியும் உண்டு, அதை 2028 மகாமகத்துக்குப் போகும்போது சேர்த்து நினைவில் வைக்கலாம்.

சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண் வருகிறது. திருத்துருத்தியில், அதாவது நம் குத்தாலத்தில், குளத்தில் மூழ்கி உடம்பு நோய் தீர்கிறது. திருவாரூரில் 'வாழ்ந்து போதீரே' என்று சாமியிடம் சண்டையே போட்டு மற்றக் கண்ணையும் வாங்குகிறார். நீங்கள் நன்றாக இருங்கள் என்று வயிறெரிந்து சொல்கிற வார்த்தை அது. குற்றவாளி குனிந்தபடியேதான் நிற்க வேண்டும் என்று இந்த மரபு கேட்கவில்லை. ஆனால் கண் வந்ததோடு முடியவில்லை. அதே திருவாரூரில் முதல் மனைவி பரவையார் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. சங்கிலியாரைக் கட்டியது அவருக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரியில் ஆரூர்ச் சாமி தியாகேசரே தெருவில் நடந்து தூது போகிறார். முதல் தடவை அர்ச்சகர் வேஷத்தில் போனபோது பரவையார் மறுத்து அனுப்பிவிடுகிறார். இரண்டாம் தடவை சொந்த உருவத்தில் போன பிறகுதான் இணங்குகிறார். சாமி மன்னித்தது வேறு, வீட்டில் இருப்பவள் மன்னிப்பது வேறு என்பதை இதைவிட விளக்கமாக எப்படிச் சொல்வது?

ஆகவே ஆளுக்குச் செய்த பிழைக்கு, கோயிலுக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. வரப்பை ஆண்டுக்கொரு மண்வெட்டி வெட்டி நகர்த்தியது, தங்கையிடம் விவரம் சொல்லாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது, அறுப்புக் கூலியில் குறைத்தது, வயதான தாயை அண்ணன் தம்பி முறை வைத்துப் பந்தாடியது, இப்படி எதுவானாலும் சரி. செய்ததை ஒரே வாக்கியத்தில் தனக்குத் தானே சொல்லிப் பார்க்க வேண்டும், 'ஆனா அவங்களும்' என்று ஒரு வால் ஒட்டாமல். இதிலேயே பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். பிறகு நேரில் போக வேண்டும். பொங்கல், தீபாவளி, துக்க வீடு, கல்யாண வீடு வேண்டாம், நாலு பேர் முன்னால் மறுத்துச் சொல்ல முடியாமல் அவர்களைக் கட்டிப்போடுவது ஆகும். பிரசாதமும் வேண்டாம். பழனிப் பஞ்சாமிர்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதற்கு மேல் எதுவும் பேசாமல் வருகிறவர்கள் உண்டு. அளந்து கொடுக்க முடிந்ததை அளந்து கொடுங்கள்: பணமானால் பணம், நிலமானால் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவது. அளக்க முடியாததற்குச் சொல் மட்டும்தான். 'தப்பு பண்ணிட்டேன்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். 'மன்னிச்சேன்னு சொல்லு' என்று வாயைப் பிடுங்கக் கூடாது. கதவு திறக்கவில்லையென்றால் பரவையாரை நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒரு காலம் விட்டு மறுபடி போகலாம். அதன்பின் போடுகிற முழுக்குக்குத்தான் முழுக்கு என்று பெயர்.

பாசுரத்தையும் தேவாரத்தையும் தினமும் சொல்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். எங்கே பார்த்தாலும் 'நாயேன்', 'பாவியேன்', 'கள்வனேன்'. நம்ம மண்டங்குடிக்காரர் தொண்டரடிப்பொடியாழ்வார், உன்னிடத்திலும் பக்தன் இல்லை என்று பெருமாள் முகத்துக்கு நேரே சொல்கிறார். வைணவத்தில் இதற்கு நைச்சியானுசந்தானம் என்று பெயர், தன் தாழ்மையை எடுத்துச் சொல்வது. இது கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்கிற பேச்சு. தூரத்தில் தள்ளி நின்று தன்னை அடித்துக்கொள்வதாக வாசித்தால் கெட்டுப்போகும். ஏற்கெனவே மனசு உடைந்து, தன்னையே வெறுத்துக்கொண்டிருப்பவரிடம் இந்தப் பாட்டுகளைக் கொடுத்துத் தினம் நூற்றெட்டு முறை சொல் என்பது சரியில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் போய், எல்லாம் என்னால்தான் என்ற ஒரே எண்ணம் சுற்றிக்கொண்டிருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிப்போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்படிப்பட்ட நாட்களில் படிக்க அப்பரின் திருவாரூர்ப் பழமொழிப் பதிகம் நல்லது. சமணத்தில் கழித்த வருஷங்களுக்காக அவர் வருந்துகிற பதிகம். ஒவ்வொரு பாட்டும் ஒரு வயக்காட்டு வார்த்தையில் முடியும். கனி இருக்கக் காய் பறித்தேன். முயலை விட்டுவிட்டுக் காக்கை பின்னால் ஓடினேன். விளக்கு இருக்க மின்மினியில் குளிர் காய்ந்தேன். கரும்பு இருக்க இரும்பைக் கடித்து இளைத்தேன். எங்கேயாவது நரகம் வருகிறதா பாருங்கள். பக்கத்திலேயே கரும்பு இருந்ததே என்ற ஆற்றாமைதான் முழுக்க. பல் வலிக்கிறது, வேறென்ன. கரும்பு இன்னும் அங்கேயே நிற்கிறது.

கடைசியாக, இறந்தவர்களுக்குப் பட்ட கடன். கேட்க ஆள் இல்லாத மன்னிப்பு இது, அதனால்தான் அமாவாசைக்கு அமாவாசை பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் திருவையாற்றுப் புஷ்ய மண்டபத்திலும் அத்தனை கூட்டம். திதி விட்டுப்போனால் அதற்கும் வழி இருக்கிறது. தீட்டு குறுக்கிட்டு நின்றதானால் தீட்டு கழிந்த நாளில் செய்யலாம். மறந்துபோனதானால் அடுத்து வரும் அமாவாசையில். திதியே தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. வேண்டியது கறுப்பு எள் ஒரு பிடி, தர்ப்பை, செம்போ பித்தளையோ ஒரு சொம்பு, தாம்பாளம். எள்ளை நீரோடு சேர்த்து வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தெற்குப் பார்த்து இறைக்க வேண்டும். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்குப் போகும் வழி. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா வழி என்று பெயரும் கோத்திரமும் சொல்லி மும்மூன்று முறை. பெயர் தெரியாவிட்டாலும் நிறுத்த வேண்டாம், தெரியாதவர்களுக்கென்றும் வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வரி பாக்கியிருக்கும். யாருக்குத் தாயும் இல்லையோ, தகப்பனும் இல்லையோ, சிநேகிதரோ பந்துக்களோ இல்லையோ அவர்கள் எல்லோரும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்று. அவசரத்தில் அநேகர் இதை விழுங்கிவிடுவார்கள், அதற்குள் அடுத்த ஆள் இடத்துக்கு வந்து நிற்பார். கொள்ளி போட உரிமையில்லாமல் போன சிநேகிதன், பிள்ளையில்லாத அத்தை, வீட்டில் முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போன பெண்மணி, பேசாமலே பிரிந்துபோன யாரோ, எல்லோருக்கும் இந்த ஒரு வரிதான் இடம். விரலில் போட்ட தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் நின்று, அவர்கள் முகத்தை நினைத்துக்கொண்டு, சொம்பில் மிச்சமிருக்கும் நீர் முழுவதையும் எள்ளோடு விட்டுவிட்டு எழுந்திருங்கள்.